பேரிங் ஹவுசிங் லூஸ் ஆனால் பஞ்ச் அடிக்கலாமா?

தண்ணீர் மோட்டாரில் 6205 எண் பேரிங் மாற்றியும் மறுபடி சத்தம் வருகிறது, "ஹவுசிங் போயிடுச்சு, பஞ்ச் அடிச்சுப் போடலாம்" என்கிறார் மெக்கானிக், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹவுசிங் போர்டு, ஹவுசிங் லோன் என்பதில் வருவது குடியிருப்பு. பட்டறையில் ஹவுசிங் என்றால் ஒரு பாகம் உட்காரும் கூடு. கிளட்ச் ஹவுசிங், ஆக்சில் ஹவுசிங் எல்லாம் அப்படித்தான். உங்கள் மோட்டாரில் எண்ட் கவரின் (முனையை மூடும் மூடியின்) நடுவே பேரிங் உட்காரும் குழி அது.

பஞ்ச் அடிக்க, அதாவது கூர்முனைக் கம்பியைச் சுத்தியலால் தட்டிப் புள்ளி குத்த, விடாதீர்கள். குழிச் சுவரில் புள்ளி புள்ளியாக மேடு எழும்பும். தட்டி ஏற்றும்போது இறுக்கமாகத்தான் தெரியும். ஆனால் அவுட்டர் ரேஸை (பேரிங்கின் வெளி வளையத்தை) தாங்குவது அந்த மேட்டு நுனிகள் மட்டுமே. ஓட ஓட அவை நசுங்கி ரேஸ் மறுபடி சுற்றும். மையம் விலகி, சுழலும் ரோட்டர் அதைச் சுற்றி நிலையாக இருக்கும் ஸ்டேட்டரில் உரசினால் கம்பிச் சுருளும் (காயில்) போய்விடும். தகரம் சுற்றி ஏற்றுவதும் இதே கதைதான்.

கழற்றிய பேரிங்கின் வெளிப்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தாலோ, குழியில் செம்பழுப்புத் தூள் இருந்தாலோ ரேஸ் சுற்றியிருக்கிறது. 6205-இன் வெளிவிட்டம் 52 மி.மீ. குழி 52.00 முதல் 52.03 வரை இருக்கலாம். இதற்கு வெர்னியர் போதாது. குழியின் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து, இரண்டு ஆழத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருக்கலாம்.

குழி வட்டமாகவே இருந்து இடைவெளி 0.1 மி.மீ.க்குள் என்றால் ரிடெய்னிங் காம்பவுண்ட் (பேரிங்கைக் குழியில் பிடித்து வைக்கும் பசை) போதும். எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் துடைத்து, குழியில் மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள். பேரிங்குக்குள் வழிந்தால் பந்துகள் இறுகிவிடும். ஒரு நாள் காயவிடுங்கள். அலை வாஷர் (ஸ்பிரிங்போல் அழுத்தும் வளைந்த வாஷர்) இருக்கும் பக்கத்தில் மட்டும் பூசவே கூடாது. ஷாஃப்ட் சூடேறி நீளும்போது அந்தப் பேரிங் நகர வேண்டும்.

அதற்கு மேல் தேய்ந்திருந்தால் லேத்தில் புஷ் (குழிக்குள் இறக்கும் உலோக வளையம்) போடுவதுதான் வழி. குழியை 58 மி.மீ.க்குக் கடைந்து, குழியைவிட 0.04 மி.மீ. கூடுதல் விட்டமுள்ள புஷ்ஷைப் பிரஸ்ஸில் இறக்கி, அதன்பிறகே உள்ளே 52-க்கு ஃபினிஷ் செய்ய வேண்டும். முன்பே கடைந்தால் பிரஸ்ஸில் சுருங்கிவிடும். எண்ட் கவரில், மோட்டார் பாடியோடு பொருந்தும் படியில் டயல் (ஆட்டம் அளக்கும் கருவி) வைத்து, ஆட்டம் 0.02 மி.மீ.க்குள் வந்த பிறகே கடைய வேண்டும். டயல் வைக்காத லேத்தில் கொடுக்காதீர்கள்.

எண்ட் கவர் அலுமினியமா என்றும் பாருங்கள். சூடு 50 டிகிரி கூடினால் அந்தக் குழி பேரிங்கைவிட ஏறத்தாழ 0.03 மி.மீ. கூடுதலாக விரியும், குளிர்ந்திருக்கையில் சரியாக இருந்தது ஓடும்போது லூஸ் ஆகும். அதில் ஸ்டீல் புஷ் போட்டால் இறுக்கத்தை, அதாவது புஷ்ஷின் கூடுதல் விட்டத்தை, 0.04-க்குப் பதில் 0.07 மி.மீ. ஆக வையுங்கள். கடைய அளவுக்குச் சுவரில் கனம் இல்லையென்றால் புது எண்ட் கவரே வாங்கிவிடுங்கள்.