மாமியாருக்குத் தனி போர்ஷன்: முன்னாலா, பின்னாலா?

கேள்வி: திருச்சியில் 40-க்கு 60 மனை, வடக்குப் பார்த்தது. நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், 74 வயதில் மாமியார். அத்தைக்குத் தனி போர்ஷனாகவே கட்டித்தர ஆசை. கன்னிமூலையை (தென்மேற்கு மூலை) அவருக்கு விட்டு, பின்பக்கம் 10-க்கு 10 அறையும் 4-க்கு 6 பாத்ரூமும் எஞ்சினியர் வரைந்திருக்கிறார். போக வர மேற்கே ஒரு சந்து. தனி அடுப்பு வைத்தால் ஊர் தப்பாகப் பேசுமோ? நடுவே கதவு இருக்கட்டும் என்கிறார் கணவர். அத்தை வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: கன்னிமூலையையே விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள், பெரிய மனசுதான். ஆனால் திருச்சி வெயிலில் தென்மேற்கு அறையின் சுவர் மத்தியானம் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி படுக்கும் நேரத்தில் உள்ளே விடும். நாளெல்லாம் வீட்டிலேயே இருப்பவருக்கு அந்த அறை வேண்டாம். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவருக்குக் கன்னிமூலை என்றால் வாஸ்துக்காரரும் மறுக்க மாட்டார்.

மாமியாரை முன்னால் கொண்டுவாருங்கள், வடகிழக்கில். காலை வெயில் வரும், மத்தியானத்துக்கு மேல் நிழல். பின்பக்க அறையில் உட்கார்ந்தால் காம்பவுண்டுச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். முன்னால் என்றால் காய்கறி வண்டி, ஸ்கூல் வேன், எதிர்வீட்டுச் சண்டை எல்லாம் கண்ணில் படும். அவரைப் பார்க்க வரும் நாத்தனாரும் உங்கள் ஹாலைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

கிழக்கு ஓரமாக 13 அடி அகலத்தை அவருக்கு ஒதுக்குங்கள். தெருவைப் பார்த்து 4 அடியில் ஒரு திண்ணை, அதன் பின் 9 அடிக்குச் சின்ன ஹால், 11 அடிக்குப் படுக்கையறை, 6 அடிக்குப் பாத்ரூம். மொத்தம் 390 சதுர அடி. பாத்ரூமுக்குப் பின்னால் உங்கள் வாஷிங் மெஷின் இடம், அதற்கப்புறம் தென்கிழக்கில் சமையலறை. கழிவுநீர்க் குழாய் எல்லாம் கிழக்குப் பக்கம் ஒரே வரிசையில் போய்விடும், பள்ளம் தோண்டும் கூலியும் மிச்சம்.

எஞ்சினியரின் 4-க்கு 6 பாத்ரூமை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிடித்துக் குளிப்பாட்ட இன்னொருவர் உள்ளே நிற்க நேர்ந்தால் அதில் திரும்ப முடியாது. 6-க்கு 8 வேண்டும். கதவு 3 அடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாள், அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். பாத்ரூம் வாசலில் படி எதுவும் வேண்டாம், தரையைச் சரிவாக்கித் தண்ணீரை ஓட்டச் சொல்லுங்கள். கைப்பிடிக் கம்பி வரும் இடங்களை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே மேஸ்திரியிடம் காட்டிவிடுங்கள், அங்கே செங்கல் சுவர்தான் இருக்க வேண்டும். ஹாலோ பிளாக்கில் போட்ட திருகு ஆள் கனத்தைத் தாங்காது. டாய்லெட் சீட் 18 அங்குல உயரம் இருந்தால் முழங்கால் வலிக்காரர் எழுந்திருக்கச் சுலபம்.

அடுத்து, படி. மழைத் தண்ணீருக்குப் பயந்து தளத்தை 2 அடி தூக்குவீர்கள். ஆறு அங்குலப் படியாக நாலு வைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி போடுங்கள். நாளைக்கு வீல்சேர் வந்தால்? ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் 24 அடி நீளச் சரிவு வேண்டும். திண்ணைக்கு முன்னால் அது அடங்காது, வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே விடும் கிழக்குச் சந்தில் கேட்டிலிருந்து சுவரோரமாக அடங்கும். அது முடியும் இடத்தில், படுக்கையறையின் கிழக்கு ஜன்னலை 3½ அடி அகலத்தில், கதவு உயரத்துக்கு லிண்டல் (மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டம்) போட்டு வைத்துவிடுங்கள். தேவைப்படும்போது கீழ்ச்சுவரை மட்டும் இடித்தால் கதவாகிவிடும். ஒருவேளை தேவையே வராமலும் போகலாம்.

தனி அடுப்பு கண்டிப்பாக வேண்டும். ஹால் மூலையில் 5 அடி மேடை, ஒரு அடுப்பு, ஒரு சிங்க், சின்ன ஃப்ரிட்ஜ் போதும். விடிகாலை நாலரைக்குக் காபி குடிக்கிற பழக்கம் உள்ளவராக இருந்தால், உங்கள் வீடு எழுந்திருக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஊர் பேசும்தான். நீங்கள் திருமணம் ஆகி வந்தபோதும் பேசியிருக்கும்.

கதவு விஷயத்தில் இரண்டு பேர் சொல்வதும் சரி. ராத்திரி உடம்புக்கு ஒன்று என்றால் தெருவைச் சுற்றிக்கொண்டு ஓட முடியாது. கதவு கட்டாயம் இருக்கட்டும், ஆனால் அவர் படுக்கையறையில் வேண்டாம், ஹாலிலிருந்து உங்கள் ஹாலுக்கு. இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். தன் பக்கத்தைத் தானே போட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்தால் அத்தை சம்மதித்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். கூடவே அவர் கட்டில் பக்கத்திலும் பாத்ரூமிலும் ஒரு பெல் வைத்து, உங்கள் படுக்கையறையில் ஒலிக்கச் செய்யுங்கள்.

இரண்டு போர்ஷனுக்கும் நடுச்சுவர் 9 அங்குலம். அதில் உங்கள் டிவியை மாட்டாதீர்கள், அலமாரி வையுங்கள். மாடிப்படியை மேற்கே, வெளியில் கொண்டுபோங்கள். பிற்பாடு மாடியை வாடகைக்கு விட்டாலும் குடியிருப்பவர்கள் அத்தையின் திண்ணையைக் கடந்து போக மாட்டார்கள். அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்தில் இரண்டாவது சமையலறையையும் மறைக்காமல் காட்டச் சொல்லுங்கள்.