ஏ.எம்.மில் பேச வருகிறவர்களுக்கு: ஹாம் ரேடியோ கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க ஹாம்கள் (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள்) பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர்களில் ஏ.எம். முறையில் (குரலுக்கேற்ப அலையின் வீச்சு ஏறி இறங்கும் பழைய முறை) பேசுவதை யூடியூபில் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசை. 3885, 7290 கிலோஹெர்ட்ஸ் என்று குறித்து வைத்திருக்கிறேன். இந்த வட்டத்தில் சேர எங்கிருந்து தொடங்குவது?
ஐடிஐ மாணவர், கோவில்பட்டி

தம்பி, முதலில் அந்த இரண்டு எண்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் அமெரிக்காவில் ஏ.எம். நண்பர்கள் கூடும் இடங்கள். நம் நாட்டிலிருந்து அங்கே மைக்கை அழுத்தக் கூடாது. அமெரிக்காவில் 40 மீட்டர் பேண்ட் (ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைத் துண்டு) 7300 வரை போகிறது. நமக்கு 7200-லேயே முடிந்துவிடும். அதற்கு மேலே இருப்பது ஒலிபரப்பு நிலையங்களின் இடம். 80 மீட்டரில் நமக்கு 3500 முதல் 3700 வரை, அப்புறம் 3890 முதல் 3900 வரை ஒரு சின்னத் துண்டு. 3885 இரண்டுக்கும் வெளியே விழுகிறது. ஆகவே அந்த எண்கள் உங்களுக்குக் கேட்பதற்கு மட்டும்.

ஆனால் கேளுங்கள், நிறையக் கேளுங்கள். இன்று அதற்கு ரிசீவர்கூட வாங்க வேண்டியதில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் 2008-லேயே ஒரு ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்தது. யார் வேண்டுமானாலும் டியூன் செய்து கேட்கலாம். அமெரிக்காவிலும் இப்படிப் பல உண்டு. நமக்கு விடியற்காலை ஐந்தரை, ஆறு மணி என்றால் அவர்களின் கிழக்குக் கரையில் முன்னிரவு. அந்த நேரத்தில் அங்குள்ள ஒரு ரிசீவரை 3885-ல் வைத்து, மோடை ஏ.எம்.முக்கும், ஃபில்டரை 6 கிலோஹெர்ட்ஸுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர் மைக்கை அழுத்தியதும் இரைச்சல் சட்டென்று அமுங்கும். அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. குரலைச் சுமக்கும் அலையான கேரியர் மட்டும் வந்திருக்கிறது. ஒரு நொடி கழித்துக் குரல் வரும், தொண்டையின் கனம் குறையாமல். கேரியர் இல்லாமல் குரலை அனுப்பும் எஸ்.எஸ்.பி. முறையில் இந்த அனுபவம் கிடைக்காது. நான் ஏ.எம்.மை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். (கேட்கும்போது விசில் அடித்தால், மோடு எஸ்.எஸ்.பி.யிலேயே நிற்கிறது என்று அர்த்தம்.)

அவர்கள் பேசும் முறையையும் கவனியுங்கள். நாலைந்து பேர் வரிசை வைத்துக்கொண்டு, ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் பேசுவார்கள். ஐந்து நிமிடம் ஒருவரே பேசினாலும் யாரும் குறுக்கிடுவதில்லை. புதியவர் உள்ளே வர, இரண்டு பேச்சுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தன் கால்சைனை (லைசென்ஸோடு வரும் அடையாளக் குறி) ஒருமுறை சொன்னால் போதும். வரிசையில் இடம் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது லைசென்ஸ். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் ஏ.எஸ்.ஓ.சி. என்ற ஹாம் லைசென்ஸ் தேர்வை 12 வயது முடிந்த யாரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடுகளால் ஆன தந்திச் சங்கேதம்) கிடையாது. ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் மோர்ஸ் வேண்டும். வினாத்தாளில் பாதி ரேடியோ தியரி, அது ஐடிஐயில் படிக்கும் உங்களுக்குப் புதிதல்ல. மீதி விதிமுறைகள், அவற்றை மனப்பாடம் செய்யாமல் புரிந்து படியுங்கள். மேலே சொன்ன பேண்ட் எல்லைகள் எல்லாம் அதில்தான் வருகின்றன.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் என் சிபாரிசு 10 மீட்டர். 29000 கிலோஹெர்ட்ஸிலிருந்து கொஞ்சம் மேலே வரை உலகம் முழுக்க ஏ.எம்.காரர்கள் கூடும் இடம், நமக்கும் அனுமதி உள்ள இடம். இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான கம்பி இருந்தால் டைபோல் ஆன்டெனா தயார். எந்த மொட்டை மாடியிலும் கட்டலாம். சூரியப் புள்ளிகள் மிகுந்த வருடங்களில் பகல் வேளையில் கண்டம் தாண்டிக் கேட்கும்.

கேள்வி: வியூ3 (ரெஸ்ட்ரிக்டட் நிலை) லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. சீனியர் ஒருவரிடம் கடன் வாங்கிய 100 வாட் ரிக்கில் (ரேடியோ பெட்டியில்), அவர் மேற்பார்வையில், ஏ.எம். போட்டுப் பார்த்தேன். "குரல் உடைகிறது, ஒன்றும் புரியவில்லை" என்கிறார்கள். எஸ்.எஸ்.பி.யில் நன்றாக இருக்கிறதே?
வங்கி ஊழியர், நாமக்கல்

கேரியரையே 100 வாட்டுக்கு ஏற்றி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாக வருபவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். ரிக்கின் மேல் போட்டிருக்கும் 100 வாட் என்பது உச்சத்தின் கணக்கு. முழு மாடுலேஷனில் (கேரியரில் குரல் முழு அளவுக்கு ஏறும்போது) குரல் உச்சத்துக்குப் போகும்போது வோல்டேஜ் இரண்டு மடங்காகிறது, ஆகவே பவர் நான்கு மடங்காகிறது. கேரியர் 25 வாட் இருந்தால் உச்சம் 100. கேரியரே 100 என்றால் குரலுக்கு மேலே போக இடமில்லை, அங்கேயே நசுங்கி உடைகிறது. ஐகாம் 7300 போன்ற ரிக்குகளில் ஏ.எம்.முக்கு 25 வாட் என்று எழுதியிருப்பது இதனால்தான்.

பேசாமல் மைக்கை அழுத்தி, மீட்டரைப் பார்த்துக் கேரியரை 25-க்கு இறக்குங்கள். ஸ்பீச் பிராசஸரை அணையுங்கள். மைக் கெயினைக் கீழிருந்து மெல்ல ஏற்றி, ஏ.எல்.சி. (பவர் எல்லை மீறாமல் தானே அடக்கும் அமைப்பு) முள் அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். கேரியர், நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்கப் பெரியவர்கள்போல ஐந்து நிமிடம் பேசினால் சின்ன ரிக் சூடாகிவிடும். இரண்டு நிமிடத்தில் விடுங்கள். உங்கள் லைசென்ஸ் நிலைக்குரிய பவர் வரம்பு இந்த உச்சத்தையும் சேர்த்துத்தான் என்று எண்ணிக்கொண்டு, தேவையானால் 25-க்கும் கீழே வையுங்கள்.

அப்புறம், குரல் உடைகிறது என்று சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். உண்மையான ரிப்போர்ட் கொடுப்பவர் கிடைப்பது பெரிய விஷயம். எல்லோருக்கும் "ஃபைவ் நைன்" (மிக நன்றாகக் கேட்கிறது) என்று போட்டுவிட்டுப் போகிறவர்களால் புதியவர் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

கேள்வி: காலமான மாமனார் ஹாமாக இருந்தவர். அவர் கையால் கட்டிய டிரான்ஸ்மிட்டர் பரணில் இருக்கிறது. உள்ளே 807 என்று எழுதிய வால்வுகள். சுவிட்ச் போட்டுப் பார்க்கலாமா, அல்லது காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?
இல்லத்தரசி, காரைக்குடி

அம்மா, இரண்டும் வேண்டாம். தயவுசெய்து பிளக்கைச் சொருகாதீர்கள். 807-ன் தலையில் ஒரு சின்ன உலோகத் தொப்பி இருக்கும், அதற்கு ஒரு கம்பி போகும். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஓடும்போது அதில் 600 வோல்ட்டுக்கு மேலேயும் இருக்கலாம். அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கும். பல வருடம் பரணில் கிடந்ததால் அவை காய்ந்தும் போயிருக்கும், முழு வோல்டேஜ் பட்டதும் வெடிக்கலாம். அனுபவமுள்ள ஹாம் ஒருவர் கெப்பாசிட்டர்களை மாற்றி, வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து வோல்டேஜை மெதுவாக ஏற்றித்தான் அதை எழுப்ப வேண்டும். அவரும் ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் உள்ளே தொடுவார். இரண்டு கையாலும் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியே பாயும்.

அருகிலுள்ள ஹாம் கிளப்புக்குச் சொல்லுங்கள். அவருடைய நோட்டுப் புத்தகங்கள், கியூ.எஸ்.எல். அட்டைகள் (பேசியதை உறுதி செய்து ஹாம்கள் அனுப்பிக்கொள்ளும் அட்டைகள்), கையால் வரைந்த சர்க்யூட் ஏதாவது இருந்தால் பெட்டியோடு சேர்த்துக் கொடுங்கள். 1924-ல் கிருஷ்ணசாமி செட்டி சென்னையில் ரேடியோ கிளப் தொடங்கியபோது அரசாங்க வானொலி கிடையாது; ஆர்வலர்கள்தான் ஒலிபரப்பைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் ரிக் கட்டிய உங்கள் மாமனாரும் அந்த வழியில் வந்தவர். அந்தப் பெட்டி காயலான் கடைக்குப் போகக் கூடாது.

கேள்வி: ஆங்கிலம் சரளமாக வராது. தமிழில் பேசலாமா?
டெய்லர், தென்காசி

தாராளமாக. 7 மெகாஹெர்ட்ஸில் காலை நேரத்தில் தமிழில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கால்சைனை மட்டும் எல்லோருக்கும் புரியும்படி ஆங்கில எழுத்துகளில் நிறுத்திச் சொல்லுங்கள். வியாபாரப் பேச்சும், பாட்டுப் போடுவதும் கூடாது. முதல் நாள் உங்கள் பெயர், ஊர், என்ன ரிக், என்ன ஆன்டெனா, எத்தனை வாட் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி மைக் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சொந்த ஊர்ப் பெயரே மறந்துபோகிறவர்கள் உண்டு.