எதிர்க்கட்சிக்காரரான பட்ரீசியா டி லில் தென்னாப்பிரிக்காவில் மத்திய அமைச்சரானது எப்படி?

கட்சி மாறி மாறித்தான். பெயின்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்து, தொழிற்சங்கம் வழியாக அரசியலுக்கு வந்தவர். 1999-இல் ஆயுதக் கொள்முதல் ஊழலை நாடாளுமன்றத்திலேயே போட்டு உடைத்தார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அதுதான். 2003-இல் தனிக்கட்சி. அப்புறம் ‘ஜனநாயகக் கூட்டணி’ என்ற எதிர்க்கட்சியோடு கைகோத்து, மேற்கு கேப் மாகாண அமைச்சராகி, 2011-இல் கேப் டவுன் மேயரானார். அங்கே அந்தக் கட்சியோடே மல்லுக்கட்டு. 2018-இல் வெளியேறி ‘குட்’ கட்சியைத் தொடங்கினார். 2019 தேர்தலில் அதற்குக் கிடைத்தது 2 இடம்தான். ஆனாலும் அதிபர் ராமபோசா அவருக்குப் பொதுப்பணித்துறையைக் கொடுத்தார். ஊழலை எதிர்த்தவர் என்ற பெயர் அரசுக்கும் வேண்டியிருந்தது என்பது என் கணிப்பு. வேடிக்கை என்னவென்றால், 2020-இல் ஜிம்பாப்வே எல்லையில் அவர் துறை அவசரமாகப் போட்ட 40 கி.மீ. வேலி சீக்கிரமே ஓட்டை ஓட்டையாகி, விசாரணை வரை போனது. 2023 முதல் சுற்றுலாத் துறை.