பாமரன் எதை நம்புகிறான்?

கேள்வி: கடவுளுக்கு எந்தக் குணத்தையும் ஏற்றிச் சொல்லக் கூடாது என்கிறார் யூத தத்துவ அறிஞர் மைமோனிடிஸ். குணமே இல்லாத கடவுளிடம் எப்படி மன்றாடுவது? ஆராயாமல் நம்பும் பாமரனின் பக்திதானே மேல்?

பதில்: மேலா கீழா என்பது இருக்கட்டும். அந்தப் பாமரன் எதை நம்புகிறான் என்று முதலில் கேளுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர்கள் மோதிக்கொண்டது அதைப் பற்றித்தான்.

யூத வேதத்தில் கடவுளின் கை வருகிறது, கண் வருகிறது, அரியணையும் வருகிறது. சொல்லுக்குச் சொல் நம்பினால் கடவுளுக்கு உடம்பு உண்டு என்றாகும். மைமோனிடிஸ் இதைப் பொறுக்கவில்லை. உடம்பு என்றால் அதற்குப் பகுதிகள் உண்டு. பகுதிகள் சேர்ந்து ஆனது எப்படி உண்மையான ‘ஒன்று’ ஆகும்? ஆகவே, கடவுள் ஒருவரே, ஆனால் உருவமுள்ளவர் என்பவனை, தம் சட்டத் தொகுப்பான மிஷ்னே தோராவில் மத விரோதிகளோடு சேர்த்துவிட்டார்.

தென் பிரான்சின் போஸ்கியேர் ஊரைச் சேர்ந்த ரபி (யூத மத குரு) ஆபிரகாம் பென் தாவீத் அந்த வரியிலேயே அவரைப் பிடித்தார். வசனங்களைப் படித்துவிட்டு அப்படி நம்பியவர்களில் மைமோனிடிஸைவிடப் பெரியவர்களும் இருந்தார்களே, அவர்களை ஏன் விரோதி என்கிறார் என்பது அவர் கேள்வி. கடவுளுக்கு உடம்பு உண்டு என்று வாதாடவில்லை. தவறாகப் புரிந்துகொண்ட பக்தனைத் தள்ளி வைக்காதே என்றார். இந்த இடத்தில் நான் முழுக்க அவர் பக்கம்.

ஆனால் மைமோனிடிஸ் பாமரனைத் தத்துவம் படிக்கச் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். கடவுளுக்கு உடல் இல்லை என்பதைச் சிறுவர்களுக்கும் பொதுமக்களுக்கும் பெரியோர் சொல்லாகவே, நிரூபணமின்றிக் கற்பிக்கச் சொன்னவர் அவர். ஆராயாத நம்பிக்கையை அவரே கேட்கிறார். நம்பும் விஷயம் மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்கிறார்.

மன்றாட்டுக்கும் அவர் வழியை அடைக்கவில்லை. ‘கருணை உள்ளவர்’ என்பதைக் கடவுளின் உள்ளியல்பாகக் கொண்டால், அவரோடு இன்னொன்றை ஒட்டியதாகும். அவருடைய செயல் நமக்குக் கருணையாகத் தெரிகிறது என்று கொண்டால் பிழையில்லை. அவர் தடுத்தது புகழ்மாலையை நீட்டுவதை. அதற்கு, பழைய ரபிகளின் விவாதத் தொகுப்பான தால்முதிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுக்கிறார்: ஒருவர் தொழுகையில் அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போக, ரபி ஹனினா முடிக்கும்வரை காத்திருந்து கண்டித்தார். கோடிக்கணக்கில் பொற்காசு வைத்திருக்கும் அரசனை வெள்ளிக்காசுக்காகப் புகழ்வது அவமதிப்பல்லவா? மோசே சொன்ன ‘பெரியவர், வல்லவர், அஞ்சத்தக்கவர்’ என்ற மூன்றும்கூட, தொழுகையில் விதிக்கப்பட்டதால் மட்டுமே சொல்லத் துணிகிறோம் என்றார் ஹனினா.

உங்கள் மனக்குறைக்குச் சரியான துணை யூதக் கவிஞரும் அறிஞருமான யெகூதா ஹலேவி. அவருடைய ‘கூசாரி’ என்ற நூல் ஏறக்குறைய 1140-இல் எழுதப்பட்டது. பத்துக் கட்டளைகளின் தொடக்கத்தில் கடவுள், ‘வானத்தையும் பூமியையும் படைத்தவன் நான்’ என்று சொல்லவில்லை. ‘உன்னை எகிப்திலிருந்து மீட்டவன் நான்’ என்கிறார். இதைக் காட்டித்தான் ஹலேவி வாதாடுகிறார்: முதலாவது ஊகித்து அறிய வேண்டியது, இரண்டாவது ஒரு மக்கள் பட்டு அறிந்தது. ஆனால் ஹலேவியும் சிந்திக்காதே என்று சொல்லவில்லை. தத்துவவாதிக்கு வாதத்தால்தான் பதில் சொல்கிறார்.

பின்னாளில் தத்துவத்துக்குத் தடையே வந்தது. 1305-இல் பார்சலோனாவில் ரபி சாலமோன் இப்ன் அத்ரெத் தலைமையில் பிறந்த அந்தத் தடை, கிரேக்கத் தத்துவ நூல்களை 25 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டுமே மறுத்தது. மருத்துவ நூல்களுக்கு அப்போதும் விலக்கு உண்டு.