சிலுவை மரம் - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற செப்டம்பர் 14 அன்று நண்பரோடு மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். நான் கிறிஸ்தவன் அல்ல. இயேசு அறையப்பட்ட சிலுவையின் ஒரு சிறு துண்டு அந்தக் கோயிலில் இருக்கிறது என்று நண்பர் சொன்னார். வரிசையில் நின்று அருகே வரை போனேன். தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வெளியே ஒரு பெரியவர் கப்பல் உடைந்த கதையைச் சொன்னார். அதன் பாய்மரத்தில் சிலுவை செய்தார்களாம். "இங்கனதான் நட்டாங்க" என்று காலால் மணலைத் தட்டிக் காட்டினார்.

எனக்கு இரண்டு சந்தேகம். உலகம் முழுக்க உள்ள சிலுவைத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு காடே தேறும் என்கிறார்களே, உண்மையா? கடவுள் எங்கும் இருக்கிறார் என்றால் ஒரு மண் மட்டும் எப்படிப் புனித பூமி ஆகிறது? அப்புறம், நான் தொடாமல் வந்தது தவறா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

காடு கணக்கை முதலில் முடித்துவிடலாம். அதைப் பிரபலமாக்கியவர் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின். திருப்பண்டங்களை, அதாவது புனிதமாக வைத்துக் கும்பிடும் எலும்பு, மரத்துண்டு போன்றவற்றை, கிண்டல் செய்து 1543-இல் எழுதிய நூலில், சிலுவைத் துண்டுகளை எல்லாம் சேர்த்தால் ஒரு கப்பல் நிறையும் என்றார். பிரான்சைச் சேர்ந்த ரோ த ஃப்ளூரி என்பவர் பொறுமையாக உட்கார்ந்து, தெரிந்த துண்டுகளை எல்லாம் பட்டியல் போட்டு, கன மில்லிமீட்டரில் கூட்டி 1870-இல் வெளியிட்டார். சுமார் 40 லட்சம் கன மில்லிமீட்டர் வந்தது. கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் அது வெறும் நாலு லிட்டர்தான். ஒரு சிறிய எண்ணெய் கேனில் அடங்கிவிடும். முழுச் சிலுவைக்கு அவர் போட்ட கணக்கு 17.8 கோடி. ஆக, கப்பலும் இல்லை, காடும் இல்லை.

இதைச் சொன்னதும் சிலர் துள்ளிக் குதிப்பார்கள், 'பார்த்தீர்களா, அசல்தான்' என்று. நாலு லிட்டர் மரம் எந்த மரத்திலிருந்தும் வரலாம். ரோமில் சாந்தா குரோச்சே கோயிலில், சிலுவையின் தலைமாட்டில் தொங்கியதாகச் சொல்லப்படும் பெயர்ப் பலகை ஒன்று இருக்கிறது. அதைக் கார்பன் சோதனை செய்தபோது 10 முதல் 12-ஆம் நூற்றாண்டுக்குள் வந்தது.

நிஜமாகவே சிலுவையிலிருந்து வந்தது என்று சொல்லத்தக்க மரம் வேறு ஒன்று உண்டு. 1968-இல் எருசலேமின் வடகிழக்கே கட்டட வேலைக்குத் தோண்டியபோது பாறைக் கல்லறைகள் கிடைத்தன. அதில் ஒரு எலும்புப் பெட்டியில் யெகோகனான் என்ற பெயர் வெட்டியிருந்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு, அதில் பக்கவாட்டாக அடித்த 11.5 சென்டிமீட்டர் ஆணி. ஆணியின் முனை வளைந்திருந்தது. மரத்தின் முடிச்சில் மாட்டி மடங்கியிருக்க வேண்டும், அதனால்தான் பிடுங்க முடியாமல் காலோடு புதைத்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. ஆணித் தலைக்கடியில் ஒட்டியிருந்த மரத்துணுக்கு ஒலிவ மரம் என்று பிறகு கண்டார்கள். இந்த யெகோகனான் யார், என்ன செய்தான் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அவன் ஆணிக்கு யாரும் கோயில் கட்டவில்லை.

ஆணி எலும்போடு மிஞ்சியது அபூர்வம். மற்ற சமயங்களில் ஆணியை உருவிக்கொண்டு போய்விடுவார்கள், மரத்தையும் அடுத்த ஆளுக்கு வைத்துக்கொள்வார்கள். சிலுவையில் அறைந்த ஆணியை நோய்க்குத் தாயத்தாக வைத்துக்கொள்ளலாமா என்று யூத ரபிகள் வாதாடியது அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. கி.பி. 70 எருசலேம் முற்றுகையில் ரோமானியர் ஒரு நாளைக்கு 500 பேரை, சில நாள் அதற்கும் மேல், அறைந்ததாகவும், சிலுவை நட இடமும் போதவில்லை, உடல்களுக்குச் சிலுவையும் போதவில்லை என்றும் அக்கால யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். சுற்றுவட்டார மரங்களை எல்லாம் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு குறிப்பிட்ட சிலுவை முந்நூறு வருடம் பத்திரமாகப் புதைந்து கிடந்தது என்றால், என்னால் நம்ப முடியவில்லை. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலேனா அதைக் கண்டெடுத்தார் என்பது 395-இல் மிலான் ஆயர் அம்புரோஸ் ஆற்றிய உரையில்தான் முதலில் வருகிறது. ஹெலேனாவின் பயணத்தையும் இயேசுவின் கல்லறை தோண்டப்பட்டதையும் விரிவாக எழுதிய சமகாலத்தவர் யூசேபியஸ், மரம் கிடைத்த கதையைச் சொல்வதே இல்லை.

சரி, மண்ணுக்கு வருகிறேன்.

யூதர்களின் பதில் ரொம்ப நடைமுறையானது. இஸ்ரவேல் நாடு மற்ற நாடுகளைவிடப் புனிதம், ஏனென்றால் முதல் கதிர்க்கட்டும் முதற்கனிகளும் காணிக்கை அப்பங்களும் அந்த மண்ணில் விளைந்ததிலிருந்து மட்டும்தான் கொண்டுவர வேண்டும் என்கிறது மிஷ்னா. ஏழாம் வருடம் நிலத்துக்கு ஓய்வு. அதாவது புனிதம் என்பது அங்கே விவசாயம் செய்கிறவன் தலையில் ஏறும் கடமை. எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும். மண்ணைப் பார்த்து மெய்சிலிர்ப்பதற்கு இதில் அவ்வளவாக இடமில்லை.

கிறிஸ்தவர்களின் பதில் வேறு, அது ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. நாசரேத்தில் மரியாளுக்குத் தூதன் வந்ததாகச் சொல்லும் குகையில் பலிபீடத்தின் மேல் லத்தீனில் எழுதியிருக்கிறார்கள்: வார்த்தை இங்கே மாம்சமாயிற்று. கடவுள் மனித உடலெடுத்தார் என்று பொருள். யோவான் சுவிசேஷத்து வரிதான், 'இங்கே' மட்டும் சேர்க்கை. பெத்லகேமில் தரையில் பதித்த வெள்ளி நட்சத்திரத்திலும் வாசகம் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது: இங்கே கன்னி மரியாளிடம் இயேசு கிறிஸ்து பிறந்தார். 1847-இல் அந்த நட்சத்திரம் திருடு போனது. கிரிமியப் போருக்குத் தூபம் போட்ட தகராறுகளில் அதுவும் ஒன்று.

இந்த 'இங்கே' வேண்டாம் என்ற குரல்களும் உண்டு. இடம் மாறினால் கடவுள் கிட்டே வந்துவிடுவாரா என்று நான்காம் நூற்றாண்டு ஆயர் நிசாவின் கிரகோரி கேட்டார். எருசலேமிலிருந்து மோட்சம் எவ்வளவு பக்கமோ பிரிட்டனிலிருந்தும் அவ்வளவு பக்கம் என்று பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் ஒரு நண்பருக்கு எழுதினார். எழுதியது பெத்லகேமில் உட்கார்ந்துகொண்டு. சாகும்வரை அவர் அங்கிருந்து கிளம்பவும் இல்லை!

ஒரு இடத்தை அழிக்க நினைக்கிறவர்களும் சில சமயம் அதற்கு அடையாளக் கல் நட்டுவிடுகிறார்கள். எருசலேமை ரோமானிய ஊராக மாற்றிய பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், இயேசுவைப் புதைத்ததாகச் சொல்லும் இடத்தில் மண் கொட்டி, மேலே வீனஸ் கோயில் எழுப்பினார்கள். சுமார் 180 வருடம் கழித்து கான்ஸ்டன்டைனின் ஆட்கள் எங்கே தோண்டுவது என்று தேடி அலையவில்லை. வீனஸ் கோயிலை இடித்தார்கள், அடியில் கல்லறை இருந்தது. 335 செப்டம்பரில் அங்கே புதுக் கோயிலை அபிஷேகம் செய்தார்கள். நீங்கள் மணப்பாட்டில் பார்த்த செப்டம்பர் 14 திருவிழாவின் தேதி அதிலிருந்து வந்தது.

'இங்கே'யில் ஒரு சிக்கல், அதை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஆனாலும் மனிதர்கள் விடுவதில்லை. சீரியத் தளபதி நாமான் இஸ்ரவேல் மண் இரண்டு கோவேறு கழுதைச் சுமை கேட்டதாக பைபிளில் வருகிறது. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகர் பக்கம் ஹெஸ்பேரியஸ் என்று ஒரு பண்ணைக்காரர், வீட்டுப் பேய்த் தொல்லை தன்னை அண்டாமலிருக்க எருசலேம் மண்ணைப் படுக்கையறையில் கட்டித் தொங்கவிட்டார். தொல்லை தீர்ந்ததும் அவருக்குப் புதுக் கவலை, இவ்வளவு புனிதமானதைப் படுக்கையறையில் வைத்திருக்கலாமா என்று. ஹிப்போ ஆயர் அகஸ்டினின் சம்மதத்தோடு அதைப் புதைத்து மேலே ஒரு ஜெபக்கூடம் கட்டினார். நம் வீடுகளில் காசியிலிருந்து வந்த கங்கைச் சொம்பை எங்கே வைப்பது என்று நடக்கும் பேச்சு அப்படியே இது. எருசலேம் போய்வந்த என் நண்பர் ஒருவரும் எனக்கு ஒரு அட்டை கொடுத்தார். ஒலிவ மரத்தில் சின்னச் சிலுவை, பக்கத்தில் விரல் நகம் அளவு பிளாஸ்டிக் குப்பிகளில் மண், தண்ணீர், எண்ணெய். மண் குப்பியை மட்டும் ஏனோ இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தேன்.

சிலுவை மரத்தின் வேலையும் இதேதான் என்று நினைக்கிறேன், சீவி எடுத்துப்போகக்கூடிய 'இங்கே'. ஹெலேனா கதை எழுத்தில் வருவதற்கு முன்பே, 350 வாக்கில், எருசலேம் ஆயர் சிரில் இந்த மரம் துண்டு துண்டாக உலகத்தையே நிறைத்துவிட்டது என்று பிரசங்கம் செய்தார். மணப்பாட்டுக்கு அது வந்தபோது அங்கே ஏற்கெனவே உள்ளூர் 'இங்கே' ஒன்று இருந்தது. 1540-இல் உடைந்த கப்பலின் பாய்மரத்தை நட்டதாக ஊர் சொல்லும் இடம், பிறகு 1581-இல் கட்டிய கோயில். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் நான் அந்தப் பெரியவர் காலால் தட்டிய மணல் பக்கம்தான் நிற்பேன். அங்கே வரலாறு கொஞ்சம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

தொடாமல் வந்ததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 380-களில் எகேரியா என்ற பெண் பயணி எருசலேமில் பெரிய வெள்ளியைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். காலை எட்டு மணிக்கு, இயேசு அறையப்பட்ட இடமான கொல்கொதாவில் ஆயருக்கு நாற்காலி போடுவார்கள், முன்னால் துணி விரித்த மேசை. வெள்ளிப் பேழையைத் திறந்து மரத்தை எடுத்து வைத்ததும் ஆயர் அதன் இரண்டு முனைகளையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். சுற்றிலும் உதவிக் குருமார் காவல். மக்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, நெற்றியால் தொட்டு, கண்ணில் ஒற்றி, முத்தமிட்டு நகர வேண்டும். நண்பகல் வரை வரிசை போகும். கையால் தொட யாருக்கும் அனுமதி இல்லை. காவல் எதற்கென்றால், முன்னொரு தடவை முத்தமிடக் குனிந்த ஒரு ஆள் பல்லால் ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.