கதையில் வரும் பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாமா? ரீச்சரின் பதில்கள்

திருகோணமலையில் பல வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற ரீச்சர், நாவல், நாடகம், தொடர்களில் வரும் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைப்பது பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

உவர்மலையிலிருந்து ஒரு தாய்: மகளுக்குப் ‘பொன்னியின் செல்வன்’ பூங்குழலியின் பெயரை வைக்க ஆசை, ரீச்சர். பிள்ளை ரோகிணி நட்சத்திரம், ‘வ’வில்தான் தொடங்க வேணும் என்று மாமி நிற்கிறா. 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு முதல் முடிவெடுக்க வேணும்.

ரீச்சர்: அதே நாவலுக்குள்ளேயே ‘வ’ இருக்கே பிள்ளை. வானதி! கல்கியின் வானதிக்குப் பின்னால் முதலாம் இராசேந்திரனின் தாய் வானவன் மாதேவி என்ற உண்மையான அரசி நிற்கிறா. பூங்குழலி கல்கியின் கற்பனை. கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குப் படகு வலித்து வருகிறவள். கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு அவள் பெயரை விட மனமில்லை என்றால், சாதகத்துக்கு ஒரு ‘வ’ பெயரும் பதிவுக்குப் பூங்குழலியும் வையுங்கள். எங்கட ஊரில் சாதகப் பெயரும் கூப்பிடுகிற பெயரும் வேறாக உள்ளவர்கள் நிறையப் பேர். மாமியிடம் வானதியை முதலில் சொல்லிப் பாருங்கள், அநேகமாகச் சரிவரும்.

நிலாவெளி வாசகர்: மகனுக்கு வந்தியத்தேவன் என்று வைக்கப் போகிறேன். அவர் உண்மையில் இருந்தவரா?

ரீச்சர்: இருந்தவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்கிறது. குதிரையில் வந்து குறும்பு பண்ணுகிற ஆள் மட்டும் கல்கியுடையவர். பெயர் அழகுதான் தம்பி, ஆனால் எட்டு எழுத்து. வகுப்பில் எவரும் எட்டெழுத்தையும் சொல்லப் போவதில்லை. ‘வந்தி’ என்று சுருக்குவார்கள், அடுத்த நாளே ஒரு பெடியன் அதை ‘வாந்தி’ ஆக்குவான். வீட்டில் தேவன் என்று கூப்பிட்டுப் பழக்கி, அந்தச் சுருக்கத்தோடேயே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

அன்புவழிபுரம்: நந்தினி என்று பதிந்துவிட்டோம். படம் பார்த்த பிறகு அம்மம்மா ‘வில்லியின்ர பெயர்’ என்று அழுகிறா.

ரீச்சர்: நந்தினி வசிட்டரின் ஆச்சிரமத்துப் பசு, காமதேனுவின் மகள். கல்கி பிறக்க முதலே இருந்த பெயர். அம்மம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள், அழுகை நிற்கும்.

சம்பூர்: இராவணன் என்று வைக்க விரும்புகிறேன். சொந்தக்காரர் எல்லாரும் எதிர்ப்பு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ரீச்சர்: இந்தக் கேள்வி எங்கட ஊருக்கே உரியது. கோணேசர் கோயில் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு இருக்கு. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கு. தாய்க்குக் கடமை செய்ய இராவணன் உண்டாக்கியவை என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். வேறு ஊர்களில் அவன் பத்துத் தலை அரக்கன், இங்கே தாய்க்குப் பிதிர்க்கடன் தீர்த்த மகன். சைவர்களுக்கு அவன் சிவபக்தனும்கூட. சம்பந்தர் அவனுடைய செருக்கு அடங்கிய கதையைப் பதிகத்துக்குப் பதிகம் பாடியவர்தான், ஆனாலும் திருநீற்றுப் பதிகத்தில் ‘இராவணன் மேலது நீறு’ என்று சிறப்பித்தவரும் அவரே. ஆகவே ‘கூடாத பெயர்’ என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்றைக் கவனியுங்கள். அவனுடைய மகன் இந்திரஜித்தின் பெயர் தமிழரிலும் சிங்களவரிலும் தாராளமாக இருக்கு. ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. இலங்கேஸ்வரன் என்ற பெயரில் எத்தனை அண்ணன்மார் இருக்கிறார்கள்! அதுவும் இராவணன்தானே? நல்ல பக்கத்தில் நின்ற விபீஷணனின் பெயரில்தான் எங்கட பிள்ளை ஒன்றையும் நான் இடாப்பில் கண்டதில்லை. கதையில் நல்லவன் கெட்டவன் என்று பார்த்து ஊர் பெயர் வைக்கவில்லை என்பது இதிலேயே தெரியும்.

இருந்தாலும் ‘இராவணன்’ என்றே வைத்தால் உங்கட மகன் போகுமிடமெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டிவரும். வாதாடுகிற ஆசை உங்களுக்கு, வாதாடப் போவது அவன். நான் என்றால் இலங்கேஸ்வரன் வைப்பேன்.

கிண்ணியா: துருக்கித் தொடர் பார்த்து மகனுக்கு எர்துருல் என்று வைக்க யோசிக்கிறோம்.

ரீச்சர்: உதுமானியப் பேரரசை நிறுவிய உஸ்மானின் தந்தை அவர், கற்பனை ஆள் இல்லை. ஆனால் அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது மிகக் கொஞ்சம். தொடரில் பார்க்கிறதில் பெரும்பகுதி எழுத்தாளர் சேர்த்தது. மார்க்க விசயத்தை உங்கட மௌலவியிடம் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது வாய்க்கு வருகிற விசயம்தான்: எர்துருல் எங்கட நாக்குக்குக் கல்லு. மகன் பெயரான உஸ்மான் கிண்ணியாவில் எல்லாருக்கும் பழகிய பெயர்தானே?

பாலையூற்று: ஜெசிக்கா புனிதரின் பெயர் இல்லை, ஞானஸ்நானத்துக்கு ஆகாது என்கிறார் அப்பப்பா.

ரீச்சர்: ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் ஷைலொக்கின் மகள் அவள். தொடக்கநூலில் வரும் இஸ்கா என்ற பெயரிலிருந்து அவர் எடுத்தார் என்பார்கள். புனிதர் பெயர்தான் வேணும் என்று திருச்சபைச் சட்டம் இப்போது கட்டாயப்படுத்துவதில்லை. அப்பப்பாவுக்காக இரண்டாம் பெயராக மரியா சேர்த்துவிடுங்கள்.

கனடாவிலிருந்து, சொந்த இடம் தம்பலகாமம்: கலீசி?

ரீச்சர்: வேண்டாம் மகள். முதலாவது, அது பெயரே இல்லை. ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ கதையில் தலைவனின் மனைவிக்குரிய பட்டம். இரண்டாவது, தொலைக்காட்சித் தொடர் 2019இல் முடிந்தபோது அந்தப் பட்டத்துக்குரியவள் ஒரு நகரத்தையே எரித்தாள். அதற்கு முதலே அந்தப் பெயரை வைத்த தாய்மார் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில். எழுத்தாளர் இன்னும் நாவல் வரிசையை முடிக்கவுமில்லை. ஓடிக்கொண்டிருக்கிற கதையிலிருந்து பெயர் எடுக்கிறவருக்கு நான் எப்போதும் சொல்வது: கடைசிப் பக்கம் வரட்டும்.

உப்புவெளி: வைத்த பெயர் இப்போது பிடிக்கவில்லை. மாற்றலாமா?

ரீச்சர்: மாற்றலாம். பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் பெற்றோர் விண்ணப்பிக்க வேணும். பள்ளிக்கூடத்தில் சேர்க்க முதல் செய்தால் அலைச்சல் குறைவு. பிந்தினால் பரீட்சைப் பத்திரம், அடையாள அட்டை எல்லாவற்றிலும் திருத்தம் கேட்டு நிற்பீர்கள். புதுப் பெயரின் இங்கிலீசு எழுத்தையும் நீங்களே கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள், முக்கியமாக ‘ழ’ இருந்தால்.