சீஆர் கொப்பியைத் தூக்கிப் போட வேண்டாம்

அன்பின் ஐயா,

கொட்டாஞ்சேனையில் உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். சோதனை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளைகள் கோர்ஸ் கோர்ஸாக ஓடுகிறார்கள். முன்பு கிராபிக் டிசைன், பிறகு டிஜிட்டல் மார்க்கெட்டிங், இப்போது ஏஐ. கையில் ஐந்தாறு சான்றிதழ் இருக்கிறது, வேலை இல்லை. எதைப் படிக்க விடலாம் என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

- ஓர் ஆசிரியை

அன்பின் ரீச்சர்,

எதைப் படிக்கலாம் என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் பிள்ளை இதுவரை என்ன செய்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், கணக்கு உதவியாளர் ஒருவரை எடுக்க என்னையும் கூட வந்து இருக்கச் சொன்னார். வந்தவர்கள் எல்லோரிடமும் சான்றிதழ் பைல் இருந்தது. ஒரு பையன் மட்டும் அதோடு தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி ஒன்றையும், அதுதான் சீஆர் கொப்பி, கொண்டுவந்திருந்தான். அம்மா வீடுகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். 2022இல் கேஸ் கிடைக்காமல் விறகுக்கு மாறியது, மா விலை ஏறியது, எல்லாம் அதில் திகதி போட்டு இருந்தது. பழைய விலையை ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் புது விலை, அதற்குக் கீழே காரணம். விலை கூடுவதைச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய வாட்ஸப் செய்தியும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. "ஏன் ஒரேயடியாகக் கூட்டவில்லை?" என்று நண்பர் கேட்டார். பையன் பத்து நிமிடம் பேசினான். வேலை அவனுக்குத்தான் கிடைத்தது.

அந்த ஒரு கொப்பி எத்தனை இடத்துக்கு உதவும் என்று பாருங்கள். கணக்கு வேலைக்கு விலைக் கணக்கைக் காட்டலாம். விற்பனை வேலைக்கு அந்தச் செய்திகளை முன்னால் வைக்கலாம். அதையே எக்செலில் போட்டால் கணினி தெரியும் என்பதற்கும் அத்தாட்சி. நாளைக்கு வேலைகளின் பெயர் மாறினாலும் செய்த வேலை கையில் இருக்கும். மூன்று மொழியில் சமாளிப்பதைக் கொழும்புப் பிள்ளைகள் ஒரு திறமையாகவே எண்ணுவதில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம்.

கோர்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகவே மென்பொருள் பயிற்சி நடத்துகிறது, ஆர்வமுள்ள பிள்ளை தாராளமாகச் சேரலாம். ஆனால் படித்து முடிந்ததும் அதை வைத்து வீட்டுக்கோ, கோயிலுக்கோ, தெரிந்த கடைக்கோ ஒரு வேலை செய்து பைலில் வைக்க வேண்டும். முதலில் என்ன பிழைத்தது, எப்படித் திருத்தினேன் என்று நாலு வரியும் எழுத வேண்டும். வேலை கொடுப்பவர் ஆறுதலாக வாசிப்பது அந்த நாலு வரியைத்தான்.

மாமாவின் கராஜில் வேலை பழகும் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். தேசிய தொழிற்தகைமையான என்.வி.கியூவில் 7 மட்டங்கள் இருக்கின்றன, ஏழாவது மட்டம் பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் சமம். கோர்ஸுக்குப் போகாமல் வேலை செய்தே பழகியவர்களையும் மதிப்பீடு செய்து சான்றிதழ் கொடுக்கும் முறை அதில் உண்டு. அதற்கும் செய்த வேலைக்கு அத்தாட்சி கேட்பார்கள். கழற்றிப் பூட்டிய எஞ்சினை இன்றைக்கே போனில் படம் எடுத்துத் திகதியோடு வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், இன்னொன்று. அந்தப் பையனின் கொப்பியில் கடன் வைத்தவர்களின் பெயர்களும் இருந்தன. நேர்முகத்துக்குக் கொண்டுவருமுன் அவற்றின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தான். உங்கள் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.